இயந்திரத்துக்காக மாறிய தக்காளி: ஒரு தோட்டக்கலைத் துறையின் வரவும் செலவும்

வீட்டில் தக்காளிச் செடி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரே செடியில் மேலே பூ இருக்கும், நடுவில் காய் இருக்கும், கீழே பழம் சிவந்திருக்கும். நாலு நாளைக்கு ஒரு தடவை போய் பழுத்ததை மட்டும் பறித்துக்கொண்டு வரலாம். சமையலுக்கு இது வசதி. ஆயிரக்கணக்கான ஏக்கரில் தக்காளி போடுகிறவருக்கு இதுவே பெரிய தலைவலி. ஒரே வயலில் பல தடவை ஆள் இறங்க வேண்டும். ஒவ்வொரு பழத்தையும் கண்ணால் பார்த்து, கையால் பறித்து, பெட்டியில் போட வேண்டும்.

கலிஃபோர்னியாவில் சாஸ், கெட்சப், பேஸ்ட் செய்வதற்காக வளர்க்கப்படும் தக்காளியை 1963 வரை இப்படித்தான் பறித்தார்கள். அந்த வருடம் இயந்திரம் அறுத்தது மொத்த விளைச்சலில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 1968-ல் சுமார் 95 சதவீதம். நடுவில் ஐந்தே வருடம். விவசாயத்தில் ஒரு பழக்கம் இவ்வளவு வேகமாக மாறுவது அபூர்வம்.

மாற்றம் ஐந்து வருடத்தில் நடந்தாலும் அதற்கான வேலை அதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது. அது நடந்த இடம் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் காய்கறிப் பயிர்த் துறை. செய்தவர்கள் பேராசிரியர்கள், பணம் பெரும்பாலும் பொதுப்பணம். பிறகு அந்த ஆராய்ச்சி நீதிமன்றம் வரை போனது. "பல்கலைக்கழகம் யாருக்காக ஆராய்ச்சி செய்கிறது?" என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. விவசாயப் பல்கலைக்கழகம் எங்கே இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி என்பதால், இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இது என்ன மாதிரி பல்கலைக்கழகம்?

1862-ல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மோரில் சட்டம் என்று பெயர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசு நிலம் கொடுக்கும், அதை விற்று வரும் பணத்தில் மாநிலம் கல்லூரி நடத்த வேண்டும். அங்கே மற்ற பாடங்களோடு விவசாயமும் தொழில்நுட்பமும் கட்டாயம் கற்பிக்க வேண்டும். லத்தீனும் சட்டமும் படிக்கிற பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லாமல், உழைக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி கிடைக்க வேண்டும் என்பது நோக்கம்.

கல்லூரிகள் வந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. கற்பிப்பதற்குச் சரக்கு போதவில்லை. எந்த மண்ணுக்கு எந்த உரம், எந்த ரகம் எங்கே விளையும் என்பதற்கெல்லாம் சோதித்துப் பார்த்த பதில் இல்லை. அதனால் 1887-ல் ஹாட்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு கல்லூரியோடும் ஒரு ஆராய்ச்சிப் பண்ணை நடத்த மத்திய அரசு பணம் கொடுத்தது. பண்ணையில் கண்டுபிடித்தது விவசாயி வயலுக்குப் போக வேண்டுமே? அதற்கு 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம். மாவட்டம்தோறும் ஆலோசகர்கள் வந்தார்கள்.

கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்று மூன்றும் ஒரே கூரையின் கீழ். இது நமக்கும் பழக்கமான அமைப்புதான். 1960-ல் பந்த்நகரில் தொடங்கி, 1971-ல் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வரைக்கும், இந்திய வேளாண் பல்கலைக்கழகங்கள் இந்த அமெரிக்க முன்மாதிரியைப் பார்த்துத்தான் உருவாக்கப்பட்டன.

செடியை மாற்றினால் என்ன?

ஜாக் ஹன்னா டேவிஸில் பயிர்ப் பெருக்க ஆராய்ச்சியாளர். 1940-களில் அவர் தக்காளி பற்றி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். போர்க்காலம். பண்ணைகளில் ஆள் பற்றாக்குறை. 1942-ல் அமெரிக்க அரசு மெக்ஸிகோவோடு ஒப்பந்தம் போட்டு, பருவகாலக் கூலிகளைக் கொண்டுவர ஆரம்பித்திருந்தது. பிராசெரோ திட்டம் என்று பெயர். கை என்பதற்கான ஸ்பானிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது, கையால் உழைப்பவர் என்று அர்த்தம். இந்த ஏற்பாடு எத்தனை நாள் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஆள் வராமல் போனால் தக்காளியை யார் பறிப்பது?

கோதுமைக்கு இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் தக்காளி மென்மையான பழம். அழுத்தினால் நசுங்கும், போட்டால் வெடிக்கும். பழுத்ததும் காயும் கலந்தே இருக்கும். கை செய்கிற மாதிரியே தேர்ந்து பறிக்கிற இயந்திரம் செய்வது அந்தக் காலத்தில் நடக்காத காரியம்.

ஹன்னா இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். செடிக்கு ஏற்ற இயந்திரம் செய்ய முடியாவிட்டால், இயந்திரத்துக்கு ஏற்ற செடியை உருவாக்கலாமே? செடியை ஒரே தடவையில் அடியோடு வெட்டி எடுத்து, உலுக்கி, பழத்தை உதிர்த்துவிடலாம். செடி போனால் போகட்டும். ஆனால் அப்படிச் செய்ய, வயலில் உள்ள பழத்தில் பெரும்பகுதி ஒரே சமயத்தில் பழுத்திருக்க வேண்டும். உலுக்கினால் உதிர வேண்டும். உதிர்ந்தது உடையக் கூடாது.

இதற்காக அவர் விவசாயப் பொறியியல் துறையைச் சேர்ந்த கோபி லோரன்ஸனோடு சேர்ந்தார். செடிக்காரரும் இயந்திரக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தது அன்றைக்குப் புதுசு. ஒருவர் "பழம் இவ்வளவு அடி தாங்கும்" என்பார், மற்றவர் "இவ்வளவு உயரத்திலிருந்துதான் விழும்படி செய்கிறேன்" என்பார். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவில் சந்தித்தார்கள்.

செடியில் என்னென்ன மாற வேண்டியிருந்தது

இங்கே கொஞ்சம் தாவரவியல் பார்த்துவிடுவோம். சுவாரசியமான பகுதியே இதுதான்.

முதலாவது, வளர்ச்சியை நிறுத்துவது. சாதாரணத் தக்காளி நிற்காமல் வளரும். ஏறத்தாழ மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து, மறுபடி மூன்று இலை, மறுபடி பூங்கொத்து என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் எப்போது பார்த்தாலும் பூவும் காயும் பழமும் சேர்ந்திருக்கிறது. 1914-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தற்செயலாக ஒரு வித்தியாசமான செடி கிடைத்தது. அதில் பூங்கொத்துகளுக்கு நடுவே இலைகள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தண்டின் நுனியே பூவாகி, வளர்ச்சி நின்றுவிட்டது. குட்டையான, புதர் மாதிரியான செடி. கிளையைக் கிள்ளிவிட வேண்டிய வேலையைச் செடி தானே செய்துகொள்வதால், இந்தப் பண்புக்குத் தானே கவாத்து செய்துகொள்வது என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். வளர்ச்சிக்கு எல்லை இருப்பதால் பூக்கள் குறுகிய காலத்தில் வந்துவிடுகின்றன. பழமும் கிட்டத்தட்ட ஒன்றாகப் பழுக்கிறது. ஒரே ஒரு மரபணுவில் வந்த மாற்றம் இது. இது இல்லாவிட்டால் இயந்திர அறுவடை என்ற பேச்சே இல்லை.

இரண்டாவது, காத்திருக்கும் பழம். என்னதான் ஒன்றாகப் பூத்தாலும் முதல் பழத்துக்கும் கடைசிப் பழத்துக்கும் நடுவே சில நாள் வித்தியாசம் இருக்கும். முதலில் பழுத்தது அழுகாமல் செடியிலேயே காத்திருக்க வேண்டும். அதனால் பழுத்த பழத்தைப் பறிக்காமல் விட்டு, எது அதிக நாள் தாங்குகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்றாவது, தோலும் சதையும். பழத்தை வெட்டினால் உள்ளே விதையும் கொழகொழப்பும் உள்ள அறைகள் தெரியும், சுற்றிலும் சதைச்சுவர் தெரியும். சுவர் தடிமனாக இருந்தால் பழம் அடி தாங்கும். நீளவாட்டமான வடிவமும் உதவியது. இந்த வரிசையில் 1970-களில் டேவிஸிலிருந்து வந்த சில ரகங்கள் உருளையாக இல்லாமல் கொஞ்சம் கட்டம் கட்டின மாதிரி இருந்ததால், "சதுரத் தக்காளி" என்றே பத்திரிகைகள் எழுதின.

நான்காவது, காம்பு. தக்காளிக் காம்பின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு கணு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறிக்கும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். பாதிக் காம்பு பழத்தோடு வரும். கையால் பறிப்பவர் அதைக் கிள்ளிப் போட்டுவிடுவார், இயந்திரம் செய்யாது. லாரியில் டன் கணக்கில் குவியும்போது அந்தக் காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்திக் கிழிக்கும்.

இதற்குத் தீர்வு வந்த இடம் ஆச்சரியமானது. அதே டேவிஸ் துறையில் சார்ல்ஸ் ரிக் என்று ஒரு மரபியலாளர் இருந்தார். காட்டுத் தக்காளிகளைத் தேடித் தென் அமெரிக்கா முழுக்க அலைந்தவர். காலபாகஸ் தீவுகளில் வளரும் காட்டுத் தக்காளி ஒன்றில் காம்புக் கணுவே இல்லை என்று அவர் 1956-ல் பதிவு செய்தார். அந்த மரபணுவைச் சாகுபடிச் செடிக்குக் கொண்டுவந்தால் பழம் காம்பை விட்டுச் சுத்தமாகக் கழன்று வரும். பிற்காலத்து ஆலைத் தக்காளி ரகங்கள் பலவற்றில் அந்தக் காலபாகஸ் மரபணு இருக்கிறது.

அந்தத் தீவுத் தக்காளி விதையைச் சாதாரணமாக விதைத்தால் லேசில் முளைக்காது. ரிக் பலவிதமாக முயன்று பார்த்தார். கடைசியில் காலபாகஸின் ராட்சத ஆமைக்குப் பழத்தைத் தின்னக் கொடுத்து, எச்சத்திலிருந்து விதையை எடுத்துப் போட்டபோது நன்றாக முளைத்தது. ஆமையின் குடலில் நிதானமாகப் பயணம் செய்தால்தான் விதைத்தோல் இளகுகிறது. 1961-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். யாரோ ஒருவர் வெறும் ஆர்வத்தில் தீவுச் செடியைச் சேகரிக்கிறார், அதிலுள்ள ஒரு விநோதம் பிறகு ஒரு தொழிலுக்கே உதவுகிறது. எந்த ஆராய்ச்சி எங்கே போய் உதவும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு நல்ல உதாரணம் இது. ரிக் சேர்த்த விதைகள் இன்றைக்கும் அவர் பெயரிலேயே டேவிஸில் ஒரு மரபணு வங்கியாக இருக்கின்றன. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்கு அங்கிருந்து விதை போகிறது.

ஐந்தாவது, நோய். வெர்ட்டிசிலியம், ஃபியூசேரியம் என்ற இரண்டு பூஞ்சை வாடல் நோய்களைத் தாங்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஹன்னாவின் உழைப்பில் வந்த ரகத்தின் பெயரே இதைச் சொல்லும்: விஎஃப்-145. இரண்டு நோய்களின் முதல் எழுத்து அது. இயந்திர அறுவடைக்கு அடித்தளம் போட்ட ரகம் இதுதான்.

ரகம் மட்டும் போதாது. விதையை நேரடியாக வயலில் விதைப்பது, பாத்தியைச் சமமாக அமைப்பது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு தண்ணீரை நிறுத்துவது என்று சாகுபடி முறையையே மாற்ற வேண்டியிருந்தது. உழவியல்காரர், பாசனக்காரர், மாவட்ட ஆலோசகர் என்று எல்லோரும் இதில் வந்தார்கள். பல துறைகள் சேர்ந்து ஒரு பிரச்சினையைத் தீர்ப்பது எப்படி என்பதற்கு இன்றும் விவசாய வரலாற்றில் இந்தக் கதையை எடுத்துக்காட்டுவார்கள்.

இயந்திரம் வயலுக்கு வந்தது

லோரன்ஸன் வடிவமைத்த இயந்திரத்தைத் தயாரிக்கும் உரிமையை ரியோ விஸ்டாவில் இருந்த பிளாக்வெல்டர் என்ற நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது. இயந்திரம் செடியைத் தரையோடு வெட்டும், பட்டையில் மேலே ஏற்றும், உலுக்கும். உதிர்ந்த பழம் இன்னொரு பட்டையில் போகும். அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று காயையும் மண்கட்டியையும் பொறுக்கிப் போடுவார்கள். அதில் பெரும்பாலும் பெண்கள். நல்ல பழம் பக்கத்தில் வரும் வண்டியில் விழும். ஆக, அப்போதும் ஆள் தேவைப்பட்டது, ஆனால் முன்பை விட ரொம்பக் குறைவு.

1960-களின் தொடக்கத்தில் இதை வாங்க விவசாயிகள் அவசரப்படவில்லை. பிராசெரோ ஆட்கள் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு எதற்கு இயந்திரம்? ஆனால் அந்தத் திட்டத்தின் மீது எதிர்ப்பு வளர்ந்துகொண்டிருந்தது. மோசமான தங்குமிடம், கூலி ஏமாற்று, உள்நாட்டுத் தொழிலாளர் கூலி உயராமல் தடுப்பது என்று குற்றச்சாட்டுகள். 1964 டிசம்பரோடு திட்டம் முடிந்தது. தக்காளி பறித்தவர்களில் பெரும்பாலோர் பிராசெரோக்கள். அடுத்த பருவத்தில் பறிக்க யார் வருவார்கள் என்ற பயம் வந்தது. 1965-ல் இயந்திர அறுவடை கால் பங்கைத் தொட்டது, 1966-ல் மூன்றில் இரண்டு பங்கு. அடுத்த இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட முழுசும்.

ஹன்னா போட்ட கணக்கு பலித்தது. ஆள் இல்லாத நாள் வந்தபோது விதையும் இயந்திரமும் தயாராக இருந்தன.

ஒரு சின்னத் தெளிவு

கடைத் தக்காளி கல்லு மாதிரி இருப்பதற்கும் ருசி இல்லாததற்கும் இந்த இயந்திரம்தான் காரணம் என்று பலர் எழுதுவார்கள். அது அப்படியே சரியில்லை. இந்த இயந்திரம் அறுப்பது ஆலைக்குப் போகிற தக்காளியை. அங்கே அது பழுத்த நிலையில்தான் போகிறது. அமெரிக்கக் கடைகளில் அப்படியே விற்கும் தக்காளியைப் பெரும்பாலும் இன்னும் கையால்தான் பறிக்கிறார்கள். பச்சையாகப் பறித்து, எத்திலீன் வாயு வைத்துப் பழுக்கவைத்து, தூரத்துக்கு அனுப்புகிறார்கள். ருசி போவதற்கு அங்கே வேறு காரணங்கள் உண்டு. இரண்டையும் குழப்பினால், இந்தக் கதையில் உண்மையிலேயே யார் நஷ்டப்பட்டார்கள் என்பது மறைந்துபோகும்.

செலவு யார் தலையில்?

1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஆலைத் தக்காளி பயிரிட்டவர்கள் சுமார் 4,000 பேர். 1973-ல் சுமார் 600 பேர். விளைச்சல் குறையவில்லை, கூடியது. அதாவது அதே பயிர், அதிக விளைச்சல், ஆனால் ஏழில் ஆறு பங்கு விவசாயிகள் வெளியே. 1970-களின் கடைசிக்குள் போன வேலைகள் சுமார் 32,000 என்று ஒரு மதிப்பீடு. பட்டையோரம் நின்று பொறுக்கிய பெண்களின் வேலையும் பாதுகாப்பாக இல்லை. 1970-களின் நடுவில் நிறத்தைப் பார்த்துக் காயைத் தள்ளிவிடும் மின்னணுக் கருவி வந்ததும் அங்கேயும் ஆள் குறைந்தது.

சிறு விவசாயி ஏன் வெளியேறினார்? இயந்திரத்தின் விலை ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் என்று இந்த விஷயத்தை எழுதிய லாங்டன் வின்னர் குறிப்பிடுகிறார். எளிய கணக்கு போடுங்கள். 500 ஏக்கர் உள்ளவருக்கு ஏக்கருக்கு 100 டாலர். 50 ஏக்கர் உள்ளவருக்கு ஏக்கருக்கு 1,000 டாலர். இயந்திரத்தில் அறுத்த தக்காளிக்கு ஏற்றபடி சந்தை விலை அமைந்ததும் கையால் பறிப்பவர் போட்டி போட முடியாது. யாரும் அவரை விரட்டவில்லை. கணக்கு கட்டவில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. இயந்திரம் வந்திராவிட்டால் இந்தத் தொழில் மெக்ஸிகோவுக்குப் போயிருக்கும், ஆலை வேலையும் லாரி வேலையும் சேர்ந்தே போயிருக்கும் என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். வெயிலில் குனிந்து பழம் பறிப்பது ஒன்றும் சொர்க்கம் இல்லை, அந்த வேலை ஒழிந்தால் நல்லதுதானே என்றும் வாதம் உண்டு. இவை ஒதுக்கிவிடக் கூடிய வாதங்கள் இல்லை. இன்று அமெரிக்காவின் ஆலைத் தக்காளியில் 90 சதவீதத்துக்கும் மேல் கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது.

இந்த இழுபறிக்கு நடுவே என் மனசில் நின்றது ஒரு பொருளாதாரக் கட்டுரை. ஆண்ட்ரூ ஷ்மிட்ஸ், டேவிட் செக்லர் என்ற இரண்டு விவசாயப் பொருளாதார ஆய்வாளர்கள் 1970-ல் எழுதியது. இயந்திரத்துக்கான ஆராய்ச்சியில் போட்ட பணத்துக்குச் சமூகத்துக்கு மொத்தமாக என்ன வருமானம் என்று கணக்கிட்டார்கள். வந்த விடை சுமார் 1,000 சதவீதம். அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. வேலை இழந்தவர்களுக்கு அவர்கள் இழந்த கூலியை ஈடாகக் கொடுத்திருந்தால் என்ன மிஞ்சும் என்றும் கணக்குப் போட்டார்கள். கொடுத்த பிறகும் நல்ல லாபம் மிஞ்சியிருக்கும் என்று தெரிந்தது.

ஆனால் யாரும் கொடுக்கவில்லை. அதனால், சமூகத்தின் நலன் மொத்தத்தில் கூடியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அவர்கள் முடிவு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். "லாபம் பெரிசு, நஷ்டம் சிறிசு, அதனால் மொத்தத்தில் நல்லது" என்று சொல்வது சுலபம். லாபம் ஒருவர் பையிலும் நஷ்டம் இன்னொருவர் வயிற்றிலும் இருக்கும்போது இரண்டையும் கூட்டிக் கழிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? லாபம் அடைந்தவர் நஷ்டம் அடைந்தவருக்குக் கொடுத்திருக்க முடியும் என்பது வேறு, கொடுத்தார் என்பது வேறு.

நீதிமன்றத்தில்

1972-ல் ஜிம் ஹைடவர் ஒரு அறிக்கை வெளியிட்டார். பொதுப்பணத்தில் நடக்கும் விவசாயப் பல்கலைக்கழகங்கள் பெரிய நிறுவனங்களுக்கே உழைக்கின்றன, சிறு விவசாயியையும் கூலிக்காரரையும் மறந்துவிட்டன என்பது அதன் சாரம். தலைப்பிலேயே கெட்டித் தக்காளி இருந்தது. 1979-ல் கலிஃபோர்னியா கிராமப்புறச் சட்ட உதவி அமைப்பு, ஒரு சிறு விவசாயிகள் ஆதரவு அமைப்பின் சார்பிலும் பண்ணைத் தொழிலாளர்கள் சார்பிலும் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டது. அதே சமயத்தில் மத்திய அரசின் விவசாயச் செயலர் பாப் பெர்க்லண்ட், பண்ணை ஆட்களின் வேலையைப் பறிக்கிற ஆராய்ச்சிக்கு மத்திய அரசுப் பணம் தரக் கூடாது என்று வெளிப்படையாகவே பேசினார்.

வழக்கின் மையம் பழைய ஹாட்ச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி வரும் பணத்தைச் செலவழிக்கும்போது சிறு குடும்ப விவசாயிகளின் நலனை முதலில் பார்க்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்தவர்கள் வாதிட்டார்கள். எதை ஆராய்வது என்பது ஆராய்ச்சியாளரின் சுதந்திரம், ஒவ்வொரு திட்டத்துக்கும் அதன் சமூக விளைவை முன்கூட்டியே எழுதிக் காட்டச் சொன்னால் ஆராய்ச்சியே நடக்காது என்பது பல்கலைக்கழகத்தின் பக்கம்.

1987-ல் கீழ் நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பணம் எப்படிச் செலவாகிறது என்று பரிசீலிக்க ஒரு முறை வேண்டும் என்றது. 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பல்கலைக்கழகம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து வருட வழக்கு அதோடு முடிந்தது. ஆனால் அந்த வருடங்களில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சிறு பண்ணைகளுக்கென ஒரு திட்டமும், நிலைத்த வேளாண்மைக்கென ஒரு திட்டமும் வந்தன. வெளியிலிருந்து வந்த அழுத்தத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது?

ஹன்னாவை வில்லனாக்க எனக்கு மனசில்லை. ரிக் போன்றவரை அதைவிடவும் முடியாது. அவர்கள் செய்தது முதல்தரமான அறிவியல். ஹன்னா எடுத்துக்கொண்ட கேள்வி, "ஆள் இல்லாமல் தக்காளியை எப்படிப் பறிப்பது?" அதற்கு அழகான விடை கண்டுபிடித்தார். பிரச்சினை விடையில் இல்லை. அதே காலத்தில், அதே பணத்தில், "ஐம்பது ஏக்கர்காரர் எப்படித் தாக்குப்பிடிப்பது?" "பறிக்கிறவர் முதுகு ஒடியாமல் பறிப்பது எப்படி?" என்ற கேள்விகளுக்கும் ஒரு ஹன்னாவும் ஒரு லோரன்ஸனும் கிடைத்திருந்தால், விடை எப்படி இருந்திருக்கும்? சிறிய, மலிவான இயந்திரமா? பத்துப் பேர் சேர்ந்து வாங்கும் கூட்டுறவு ஏற்பாடா? நமக்குத் தெரியாது. ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்க அந்த அளவுக்கு ஆளும் பணமும் ஒதுக்கப்படவில்லை.

ஒரு ரகத்தை உருவாக்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அதாவது இன்று பயிர்ப் பெருக்கத் துறையில் ஒருவர் தன் வயலில் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அது பதினைந்து வருடம் கழித்து யார் விவசாயத்தில் இருப்பார் என்பதில் ஒரு பங்கு வகிக்கும். விளைச்சல், நோய் எதிர்ப்பு, தோல் தடிமன் என்று அளவுகோல் போடும்போதே ஒருவிதமான பண்ணையையும் மனசில் வைத்துத்தான் போடுகிறோம். அது பெரும்பாலும் சொல்லப்படாமல் இருக்கும், அதனால் விவாதத்துக்கும் வராது.

வேளாண் கல்லூரிகளில் புது ரகம் என்றால் ஹெக்டேருக்கு எத்தனை டன், பழைய ரகத்தை விட எத்தனை சதவீதம் அதிகம் என்று அட்டவணை போடச் சொல்லிக்கொடுப்பார்கள். அது தேவைதான். அந்த அட்டவணையில் இன்னும் இரண்டு வரிசை சேர்த்தால் போதும் என்று தோன்றுகிறது: இந்த ரகத்தைப் பயிரிட எவ்வளவு முதல் வேண்டும்? ஒரு ஹெக்டேருக்கு எத்தனை நாள் கூலி கூடுகிறது அல்லது குறைகிறது? இவை அளக்க முடியாத விஷயங்கள் இல்லை. டேவிஸ் கதையில் எல்லாமே அளக்கப்பட்டது, ஆனால் இயந்திரம் வயலுக்குப் போன பிறகு.

ஷ்மிட்ஸும் செக்லரும் 1970-ல் போட்ட அந்தக் கணக்கை 1955-லேயே யாராவது உத்தேசமாகப் போட்டிருக்கலாம். லாபத்தில் ஒரு துளியை வேலை போகப்போகிறவர்களுக்கு ஒதுக்க வழி தேடியிருக்கலாம். பணம் போதாது என்று சொல்ல முடியாது. போதும் என்று அவர்கள் கணக்கே சொல்கிறது.